பினாங்குத் தீவை நான் புரட்டிப் போட்ட கதை

நான் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கைதட்டல் கிடைத்திருக்கிறது. அந்தக் கைதட்டலுக்குப் பிறகு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

முப்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகாவிட்டால், ஈஸ்டர் முடிந்ததும் தைப்பிங்கிலிருந்து வந்த வரனுக்குத் தலையாட்டிவிட வேண்டும் என்பது அப்பாவுக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தம். (வரன் நல்லவர்தான். பெண் பார்க்க வந்த அன்று முழுக்கத் தம் வயிற்றுக் கோளாறைப் பற்றியே பேசினார்.)

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, தாங்கள் பாடம் நடத்தும் விதத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். பிள்ளைகளைக் கைகட்டி உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னால் போதாது, அவர்களே செய்து படிக்க வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. ஜெலுத்தோங்கிலிருந்து வந்த ஆசிரியர் புளியங்கொட்டைகளை வைத்து வாய்ப்பாடு கற்பித்ததைச் சொன்னார். ஓர் அம்மாள், பிள்ளைகளை வைத்தியரும் நோயாளியுமாக நடிக்கவைத்துச் சுகாதாரம் கற்பித்ததைச் சொன்னார். என் முறை வந்தது. என் வகுப்பில் நான் வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், யாராவது கொட்டாவி விட்டால் பிரம்பால் மேசையைத் தட்டுவேன். இதையா சபையில் சொல்வது? பூகோளப் பாடத்துக்கு நான் முற்றத்தில் தீவை வரைந்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வோர் ஊராக நிற்கவைப்பது வழக்கம் என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கைதட்டினார்கள். எங்கள் தலைமையாசிரியர் அருளப்பன் ஐயா பெருமை தாங்காமல் எழுந்தார். அடுத்த மாதக் கூட்டம் எங்கள் பள்ளியில்தான், ரோசலின் டீச்சர் அதைச் செய்து காட்டுவார், கல்வி இன்ஸ்பெக்டரையும் அழைக்கிறேன் என்று அறிவித்துவிட்டார்.

அலுவலகச் சுவரில் தீவின் படம் ஒன்று இருந்தது. அதன்மேல் எண்ணெய்த் தாளை வைத்து, ஊர்களைப் புள்ளியாக வைத்து நகல் எடுத்தேன். கூட்டத்துக்கு முதல் நாள் மாலை அந்தத் தாளைப் பார்த்து முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் தீவை வரைந்தேன். கிழக்கே பிள்ளைகளோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டி, மண்ணால் கரை எழுப்பினேன். அதுதான் கடல். அதற்கு அப்பால் விருந்தினருக்குப் பெஞ்சுகள் போட்டோம். அதுதான் அக்கரை, அதாவது பெருநிலம். எல்லாம் சரி. தாளை மட்டும் பின்பக்கமாகப் பிடித்திருந்தேன். கிழக்கே இருக்க வேண்டிய ஜார்ஜ் டவுன் மேற்கே போயிற்று. மலைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பாலிக் புலாவ் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஜார்ஜ் டவுனிலேயே பிறந்தவளுக்கு இது எப்படிக் கண்ணில் படவில்லை என்று கேட்காதீர்கள். படகுத்துறையிலிருந்து அக்கரையை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பாடம் என்றால் தாளில் இருப்பதுதானே என்று நினைத்திருந்த காலம் அது.

கூட்டத்தன்று காலை இன்ஸ்பெக்டர் வெள்ளை உடுப்பும் பாலிஷ் போட்ட சப்பாத்துமாக நடுப் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பன்னிரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகள் அவரவர் ஊரில் போய் நின்றார்கள். முதல் பயணி சின்னையா. அவன் அப்பா முன்பு அக்கரையில் பத்து காவான் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவன் அக்கரையிலிருந்து படகில் ஜார்ஜ் டவுன் வர வேண்டும். வாய்க்கால் ஓரம் வந்து நின்றவன் அசையவில்லை.

"டீச்சர், டவுனு அந்தப் பக்கம் போயிருச்சு. தீவையே சுத்தித்தான் வரணும்லா."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சுற்றி வா என்றேன். பாலிக் புலாவாக நின்ற பாக்கியம் அதற்குள் தன் இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். அவள் பெற்றோர் பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோப்பில் வேலை செய்தார்கள். அவள் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். தன் ஊரிலிருந்து பார்த்தால் அக்கரை தெரியாது, இந்த இடத்தில் தான் நிற்க முடியாது என்று உறுதியாகச் சொன்னாள்.

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். தீவை அழித்து வரைவதைவிட அக்கரையைத் தூக்கி மேற்கே போடுவது சுலபம் என்று முடிவாயிற்று. சின்னையா இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றான்.

"சார், நீங்கதான் அக்கரை. கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கம் போங்க சார்."

நான் தடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். பெரியவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? பன்னிரண்டு ஆசிரியர்களும் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்கள். ஒரு பெஞ்சுக் கால் மண் கரையில் குத்தியது. கடல் உடைந்தது. சுண்ணாம்பும் சேறும் கலந்த தண்ணீர் இன்ஸ்பெக்டரின் சப்பாத்துக்குள் நிதானமாக நுழைந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தைப்பிங் மாப்பிள்ளையின் வயிற்றுக்கு என்ன கஷாயம் நல்லது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பாக்கியம் அதோடு விடவில்லை. அக்கரையிலிருந்துதான் சூரியன் வரும், மேற்கே போட்டால் எப்படி வரும் என்று கேட்டாள். சபை மறுபடி கூடியது. அக்கரை திரும்பக் கிழக்கே போக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பெஞ்சுகளோடு சேற்றின் நடுவில் நின்ற பெரியவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். பிள்ளைகள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்து, ஈர மண்ணில் குச்சியால் தீவைப் புதிதாகக் கீறினார்கள். படகு எங்கே அணையும், மலை எங்கே, ஜெலுத்தோங் சந்தை எந்தப் பக்கம் என்று ஆளுக்கு ஆள் சத்தம். ஐந்து மாதத்தில் என் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூடச் சண்டை போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று பாக்கியத்தைக் கேட்டார்.

"டீச்சர்தான் சார். அவங்க தப்பா போட்டாங்க. அதனாலதான் எங்களுக்குச் சரியா தெரிஞ்சிச்சு."

வேண்டுமென்றே பிழை வைத்து நடத்தினீர்களா, அருமையான முறை என்று அவர் என் பக்கம் திரும்பினார். ஆசிரியர்கள் தலையசைத்தார்கள். ஒரு 'ஆமாம்' போதும், வேலை என்னுடையது. ஆனால் பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க சார். தாளைத் திருப்பிப் பிடிச்சிட்டேன். இந்த மாதிரிப் பாடம் நடத்துறதும் இதான் முதல் தடவை. போன மாசம் சொன்னது பொய்."

அருளப்பன் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஈரக் காலுறையைப் பிழிந்து உதறினார். பிறகு, "இதை வாரம் ஒரு தடவை பண்ணுங்க. தண்ணிய மட்டும் குறைச்சிக்குங்க" என்றார்.

ஈஸ்டருக்கு முன்பே வேலை நிரந்தரமானது. அந்தப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணமும் ஆயிற்று, தைப்பிங்கில் இல்லை. அன்று அந்த முற்றத்தில் என்னைத் திருத்திய பிள்ளைகளுக்கும், நனைந்த காலோடு என்னை மன்னித்த மனிதருக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் என் வீட்டில் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை. கேட்டாலும், அம்மா சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போ என்பது குடும்பச் சட்டம். போன வருஷம் பாக்கியத்தின் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று குடும்பத்தோடு காரில் பாலிக் புலாவ் போனோம். மலை இறங்கியதும் ஒரு முச்சந்தி. மகன் வண்டியை நிறுத்தி, "எந்தப் பக்கம்மா?" என்றான். வலது பக்கம் என்றேன். அவன் இடது பக்கம் திருப்பினான். பாக்கியம் வாசலிலேயே நின்றிருந்தாள்.