கோட்டிங் அண்ணையின் கைத்துப்பாக்கி

இன்னும் வாங்காத ஒரு பொருளைப் பரிசோதித்துப் பரிசோதித்தே தேய்த்துத் தீர்த்துவிடக்கூடிய மனிதர், எனக்குத் தெரிந்து ஆக்லாந்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கோட்டிங் அண்ணை.

பெற்றோர் அவருக்கு நீளமான நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது. எதைக் கண்டாலும் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டி, “இதுக்கு மேல என்ன கோட்டிங்?” என்று கேட்பார். கோயில் குத்துவிளக்கைச் சுரண்டியிருக்கிறார். மேலதிகாரியின் புதுக் காரைச் சுரண்டியிருக்கிறார். ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்பே கேக்கைச் சுரண்டிவிட்டு, “கொஞ்சம் மெல்லிசாப் போட்டிட்டாங்கள்” என்று வருத்தப்பட்டார்.

அவருடைய துப்பாக்கிக் கதை நடந்தது 1994இல் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். தவறு. நான் எல்லர்ஸ்லி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1995இன் தொடக்கத்தில். அண்ணை அங்கே கணக்குப் பிரிவில் இருந்தார். நாங்கள் இருவரும் மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியிருந்ததால் தினமும் அவர் காரில்தான் போய்வந்தேன். துப்பாக்கி விவகாரம் தொடங்கியது அடுத்த ஆண்டு. எனவே 1996.

அவர் வீடு பழைய மரவீடு. அதற்குப் பெயின்ட் அடிக்க முடிவெடுத்து முன்சுவரையும் ஜன்னல் சட்டங்களையும் சுரண்டி வைத்திருந்தார். எந்தப் பெயின்ட் என்பதில்தான் முடிவு வரவில்லை. வாங்கிய மாதிரிகளையெல்லாம் பட்டை பட்டையாக அடித்து மழைக்கு விட்டிருந்தார். அது குழந்தைகள் காப்பகம் என்று நினைத்து ஒரு பெண்மணி தன் மகனைச் சேர்க்க இடம் கேட்டு வந்ததாக அவர் மனைவி சொல்வார். அந்த அக்காவுக்கு வீட்டைவிட ஜன்னல்கள்தான் கவலை. பெயின்ட் இல்லாத சட்டங்கள் மழையில் ஊதி, சமையலறை ஜன்னல் மூடுவதே இல்லை.

இப்படிப்பட்டவரிடம், இரத்த அழுத்தம் கூடுகிறது, ஏதாவது ஒரு விளையாட்டில் சேருங்கள் என்று மருத்துவர் சொன்னார். அண்ணை சில மாதங்கள் ஆராய்ந்து, கைத்துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தார்.

“ஓடாமல், குதிக்காமல், ஆடாமல் அசையாமல் நிண்டதுக்குப் பொயின்ட் தாற விளையாட்டு உலகத்தில இது ஒண்டுதான், தம்பி.”

நேரக் கட்டுப்பாடு உள்ள சுற்றுகளில் அவர் சுடவே மாட்டார். குறி பார்த்து முடிவதற்குள் மணி அடித்துவிடும். நேரம் தாராளமாக இருக்கும் சுற்றுகளில் கிளப்பிலேயே அவர்தான் முதல் ஆள். கை கல் மாதிரி நிற்கும். கிளப்பின் பழைய துப்பாக்கியாலேயே இப்படிச் சுடுகிறவர், சொந்தமாக நல்லது ஒன்று வைத்திருந்தால் வருடாந்தரப் போட்டியையே வெல்லலாம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு சிறு பட்டறையில் கையாலேயே பொருத்திச் செய்யும் விலை உயர்ந்த துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். குழலின் நீளம், கைப்பிடிக்கு எந்த மரம், எல்லாம் முடிவாயிற்று. ஒன்றே ஒன்று பாக்கி. முழுக்கத் துருப்பிடிக்காத எஃகிலா, அல்லது சாதாரண எஃகின் மேல் கறுப்புக் கோட்டிங் போட்டதா?

துப்பாக்கிக் கடைக்காரர் விவரம் தெரியாமல் இரண்டு சிறு தகடுகளை மாதிரிக்குக் கொடுத்தார். ஒன்று பளபளவென்று வெள்ளையாக, ஒன்று கறுப்பாக. “வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள்” என்று வேறு சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணை நடந்தால் சத்தம் வரும். உறையில் போட்டு எடுத்தால் எவ்வளவு தேயும் என்று பார்க்க, இரண்டு தகடுகளையும் சாவிக்கொத்தோடு காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். தகடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பை கிழிந்தது. பிறகு கடற்காற்றுக்காக அவற்றைத் துணிக்கொடியில் தொங்கவிட்டார். அக்கா தன் சேலைகளுக்கும் அவற்றுக்கும் சேர்த்தே கிளிப் போட்டார். ஒருநாள் வெள்ளைத் தகட்டைக் காணோம். தேடிப் பார்த்தால் அக்கா அதை வைத்து அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா செய்யிறீர்? அது பிஸ்டலின்ர சாம்பிள்!”

“நல்ல சாமான். இப்பிடி இன்னும் ரெண்டு கேட்டு வாங்குங்கோ.”

எனக்குப் பொறுமை போயிற்று. “அண்ணே, ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க. எங்க ஊர்ல பொண்ணு பாக்கவே இவ்வளவு நாள் ஆகாது.”

“பெண் துருப்பிடியாது, தம்பி.”

கடைசிச் சோதனை ஊறுகாய். கை வியர்வையில் உப்பும் புளிப்பும் உண்டு, தேசிக்காய் என்று அவர் சொல்லும் எலுமிச்சை ஊறுகாயிலும் உப்பும் புளிப்பும் உண்டு, ஆகவே ஊறுகாய் என்பது பல வருட வியர்வைக்குச் சமம் என்பது அவர் வாதம். இரண்டு தகடுகளையும் ஒரே போத்தல் ஊறுகாயில் புதைத்து, வீட்டில் வைத்தால் அக்கா திட்டுவார் என்று அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

எங்கள் பிரிவில் டேவ் என்று ஒருவன். நம் சாப்பாடு என்றால் உயிர். ஒரு மதியம் அவன் கேட்காமலேயே அந்தப் போத்தலைத் திறந்து ரொட்டிக்குள் வைத்துக் கடித்தான். ‘டக்’ என்று ஒரு சத்தம். வாயிலிருந்து கறுப்புத் தகட்டை வெளியே எடுத்து, இது என்ன மசாலா என்று கேட்டான். அண்ணை ஓடிவந்து, அவன் பல்லைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்தார்.

“தம்பி, இஞ்ச பாரும்! கடிச்சும் ஒரு கீறல் இல்லை!”

வெள்ளைத் தகட்டில் ஊறுகாய் சில புள்ளிகளை விட்டிருந்தது. வெயிலில் பிடித்தால் கண்ணும் கூசியது. கறுப்பு கூசவும் இல்லை, புள்ளி விழவும் இல்லை, டேவுக்கும் அசையவில்லை. கறுப்புத்தான் என்று முடிவாயிற்று. அலுவலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

மிச்சம் இருந்தது போலீஸ் அனுமதி மட்டுமே. அங்கே ஒருவர் துப்பாக்கி கேட்டால், அவர் நம்பகமானவரா என்று வீட்டுக்கே வந்து மனைவியைத் தனியாக விசாரிப்பார்கள். மனைவி வேண்டாம் என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. விசாரிக்க வந்தவர் மெல்லப் பேசும் பெரியவர். அக்காவின் ஆங்கிலம் கடைத்தெரு அளவுதான். கணவர் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் என்னை உட்காரவைத்தார். அண்ணையைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் சமையலறையில் அமர்ந்தோம்.

கணவர் கோபக்காரரா, அவரிடம் பயம் உண்டா என்பது முதல் கேள்வி. கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார்.

“இந்த மனுசனுக்குப் பயமோ? கோவத்தில எறியிறதெண்டாலும் பிளேட்டை எறியிறதோ கோப்பையை எறியிறதோ எண்டு யோசிச்சு முடிய விடிஞ்சிடும்.”

நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்தது, வீட்டில் கைத்துப்பாக்கி இருப்பதில் ஆட்சேபம் உண்டா?

அக்கா மேசையில் இல்லாத தூசியைக் கையால் துடைத்தார்.

“தம்பி, இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கறுப்பு எண்டதுதான் எனக்கு ஒரு மாதிரி. அங்க ஊரில சண்டை நேரம் எங்கட வீட்டுக்க புகுந்தவங்கள் கொண்டு வந்த துவக்கெல்லாம் கறுப்பு. அதைப் பாத்தால் எனக்குச் சோறு இறங்காது. சில்வர் எண்டால் சட்டிபானை மாதிரிக் கிடக்கும்.”

இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். நிறத்துக்கு மட்டும் ஆட்சேபம் என்று எழுத இடமில்லை, ஆம் அல்லது இல்லை என்றுதான் கேட்க முடியும், உங்களுக்கு வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், காரணம் உங்கள் கணவருக்குத் தெரியவராது என்றார்.

“ஆட்சேபம் இல்லையெண்டே போடச் சொல்லுங்கோ. ஒரு வருசமா அதை வைச்சு எவ்வளவு சந்தோசமாத் திரியிறார். எனக்குப் பழகிப் போயிடும்.”

நாங்கள் வெளியே வந்தபோது அண்ணை, மூட முடியாத அந்தச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் பெயின்ட் சுரண்டும் கரண்டி இருந்தது. சுரண்டவில்லை. பெரியவருக்குக் கைகொடுத்து வழியனுப்பினார், அவருடைய காரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை காரில் ஏறியதும் சொன்னார்.

“தம்பி, சில்வர்தான். கடைக்காரனுக்கு போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்.”

“அண்ணே! கறுப்புன்னு முடிவாச்சே?”

“கறுப்பு வெயிலுக்குச் சூடாகும்.”

வைப்பரை வேகமாகப் போட்டும் முன்கண்ணாடியில் வழிந்த மழை குறையவில்லை.

“அப்போ ஊறுகாய்ல புள்ளி விழுந்ததே?”

“பிஸ்டலை ஊறுகாய்க்க ஆர் வைக்கிறது? நல்ல விசர்க்கதை கதைக்கிறீர்!”

துப்பாக்கி 1997 கோடைக்கு வந்து சேர்ந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மூடி இல்லையோ?” என்று மட்டும் கேட்டார். வருடாந்தரப் போட்டிக்கு, அதுவரை கிளப் பக்கமே வராதவர், தேநீர்க் குடுவையோடு புறப்பட்டு வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று பார்த்து மேகம் இல்லாத வெயில். துப்பாக்கி கண்ணாடி மாதிரி அண்ணையின் முகத்தில் வெளிச்சத்தை அடித்தது. முதல் குண்டு இலக்கு அட்டையின் ஓரத்தைத் தொட்டது. இரண்டாவது அதையும் தொடவில்லை. பக்கத்தில் நின்ற பையன்கள், கறுப்பு வாங்கியிருக்கலாமே என்று கேலி செய்தார்கள். அண்ணை துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கறுப்புக் கோட்டிங்கின் குறைபாடுகள் பற்றி அவர்களுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தார். அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை.

பிறகு கண்ணைச் சுருக்கி, மறுபடி குறி பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பாமல், அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை சுட்டார். இலக்குக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் புழுதி எழும்பியது.

அக்கா கைதட்டினார். நானும் தட்டினேன்.