இரண்டு ஓமுக்குக் கீழே

இரண்டாவது ஸ்பீக்கரை வாங்கிப் போட்டும் சத்தம் ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை என்பதுதான் ராதமேஸின் கவலை.

மோக்கா ஊரில் கடைகளுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடுகிறவன் அவன். ஞாயிறு மதியம் ஆனால் தன் வெள்ளைக் காரை, தான் மனசைக் கொடுத்திருந்த யோகாஸ்தாவின் வீட்டெதிரே நிறுத்தி, டிக்கியைத் திறந்து, உருகி உருகிப் பாடும் ஒரு பச்சாட்டா காதல் பாட்டைப் போடுவான். நேரில் பேச நாக்கு எழவில்லை. பாட்டு பேசட்டும் என்று விட்டிருந்தான். ஆனால் அவன் வந்து நின்ற மறுநிமிடமே பக்கத்து மளிகைக்கடை ஃபெர்மீன் மெரெங்கே ஆட்டப்பாட்டை அலறவிடுவார். பச்சாட்டா அதில் மூழ்கிப்போகும்.

"யாருடா இதை மாட்டினது?" என்றான் சாகோ, டிக்கிக்குள் தலையை விட்டபடி. ராதமேஸின் அத்தை மகன். கார் ஆடியோ கடை வைத்திருந்தான்.

"நான்தான்."

"ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாக் கோத்திருக்கே. நாலு ஓம் தடையும் நாலு ஓம் தடையும் சேந்து எட்டாயிருச்சு. தடை இரட்டிச்சா ஆம்ப்ளிஃபயர் பாதி பவர்தான் தரும். காசு குடுத்து அது கழுத்தை நெரிச்சிருக்கே."

"இப்ப என்ன பண்றது மச்சான்?"

"ரெண்டையும் தனித்தனியா ஆம்ப்போட சேத்துட்டா ரெண்டு ஓமா இறங்கிடும். அப்புறம் பாரு, பவர் கொட்டும்."

கொட்டியது. அடுத்த ஞாயிறு தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. ஃபெர்மீன் சளைக்கவில்லை. உள்ளேயிருந்து இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியை இழுத்துவந்து வாசலில் வைத்தார். கடை முன்னால் டொமினோ ஆடியவர்கள், நகர்ந்தோடப் பார்த்த காய்களைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

"மச்சான், இன்னும் வேணும்."

"போதும்டா. இந்த ஆம்ப் ரெண்டு ஓமுக்குக் கீழே தாங்காது."

"நாலு ஸ்பீக்கர் போட்டா?"

"ஒரு ஓம். பவர் கூட வரும். பின்னாடியே புகையும் வரும்."

"ஒரு பாட்டுக்குத் தாங்கினாப் போதும். அவ காதுல விழணும், அவ்வளவுதான்."

சாகோ தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொண்டே இரண்டு ஸ்பீக்கரை விற்கவும் செய்தான்.

அதற்கடுத்த ஞாயிறு ராதமேஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பாட்டின் முதல் அடி இறங்கியதும் வேலியோரத்து மரத்திலிருந்து அவகாடோ இரண்டு பொத்தென்று விழுந்தன. ஃபெர்மீன் தன் பெட்டிகளை உச்சத்துக்குத் திருப்பினார். இவனும் திருப்பினான். பாட்டில் காதலன் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தபோது டிக்கியிலிருந்து கருகல் வாடை வந்தது. பிறகு புகை. பிறகு ஒன்றுமில்லை.

அதே நேரம் தெருவில் கரண்டும் போனது. ஃபெர்மீனின் பெட்டிகளும் வாயடைத்தன.

எந்த வீட்டிலோ வாழைக்காய் வறுபடும் சத்தம் கேட்டது. இந்த அமைதிக்காகத்தான் இத்தனை வாரமும் ஏங்கினான். இப்போது பாட்டுப் போட ஆம்ப் இல்லை. வேறு வழியில்லாமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டருகே போனான்.

"யோகாஸ்தா!" குரல் பாதியில் உடைந்தது. "நான்தான்... ராதமேஸ்!"

ஜன்னல் திரை லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

அவமானம் கோபமாகத் திரும்பி ஃபெர்மீனைத் தேடிப் போனது.

"உங்களுக்கு நான் என்னண்ணே கெடுதல் பண்ணினேன்? ஒரு ஞாயிறாவது என் பாட்டு அவ காதுல விழ விட்டீங்களா?"

ஃபெர்மீன் உருகத் தொடங்கியிருந்த ஐஸ் பெட்டிக்குச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தார். உண்மையாகவே திகைத்தவராய் நிமிர்ந்தார்.

"எனக்கு உன் பாட்டு பிடிக்கும் தம்பி. 'வெள்ளைக் கார் வந்து நின்னா, பெட்டியை முழுசாத் திருப்பிவிடுங்கண்ணே'ன்னு சொல்லிவச்சதே அந்தப் பொண்ணுதானே!"