கங்காரு வீடு

தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் அட்டைக்குப் பயந்தான் என்று சொல்வதே கேவலம். நான் பயந்தேன். அதுவும் வேலைக்கான நேர்முகத் தேர்வில்.

வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் வேலை. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். (நான் படித்த படிப்புக்கு அந்தக் கூரையில் ஒரு தகரம்கூடச் சொந்தமில்லை.) எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

பாடம், கங்காருவும் நாரையும். கங்காருவின் பையைக் காட்டுவதற்காக, ஆணியில் தொங்கிய அம்மாவின் கொழுந்துப் பையை உருவினேன்.

“ஏய்யா, அது ஈரமா கெடக்கு. உதறிட்டுக் கொண்டு போ!”

“எல்லாம் எனக்குத் தெரியும்மா.” (எம்.எஸ்சி. திமிர்.)

வகுப்பில் பையை வயிற்றில் கட்டிக்கொண்டேன். “கங்காரு பாலூட்டி. குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும். சிவப்புக் கங்காருவுக்கு இப்போதைக்கு அழிவு பயம் இல்லை.” பிறகு பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ஒற்றைக் காலில் நின்றேன். “வெண்கழுத்து நாரை பறவை. முட்டையிடும். அழியும் ஆபத்தை நெருங்கும் பட்டியலில்...”

இடுப்பில் ஜில்லென்று ஏதோ ஊர்ந்தது. என்னவென்று தெரிந்துவிட்டது. “ஐயோ அம்மா!” என்று அலறி, நின்ற ஒற்றைக் காலிலேயே வகுப்பு முழுக்கக் குதித்தேன்.

மலையாளியான தலைமையாசிரியை சிரிக்கவே இல்லை. “மாஷே, இந்த நாரை எந்தினா... எதுக்குக் குதிக்குது?” என்றார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, “ரெண்டுல எதுக்கு ஆபத்து?” என்று கேட்டார்.

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். “சாருக்குத்தான் டீச்சர். சட்டையில ரத்தம் கசியுது, பாருங்க!”

வேலை வேறொருவருக்குப் போனது. வீட்டுக்கு வந்து வெட்கமில்லாமல் அழுதேன். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அம்மா முழுக்கதையும் கேட்டாள்.

“கங்காருக் குட்டி குடுத்து வச்சதுய்யா. வீட்டைக் காலி பண்ணுன்னு அதை எவனும் சொல்ல மாட்டான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கடைசியில் வேறு பள்ளியில் வேலை கிடைத்து, டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தோம். பால் காய்ச்சிய அன்று அம்மா அந்தப் பையை வாசலுக்குக் கொண்டுபோய் நன்றாக உதறி, கூடத்து ஆணியில் மாட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் கதையையும் சொன்னாள். இன்று என் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. ‘கங்காரு வீடு’ என்றால் வாசலிலேயே நிறுத்துவார்.

நிறுத்திவிட்டு, “சார், உதறிட்டு எறங்குங்க” என்பார்.