குயில் சிறைமீட்ட படலம்

வாழ்க வனிதா! எட்டயபுரத்துக்குக் கிழக்கே மிளகாய் காயும் கரிசல் காட்டில் பிறந்து, தன் குலத்தில் ஒருவரும் மிதியாத கல்லூரிப் படி மிதித்து, பி.எஸ்சி. இயற்பியல் என்னும் பெரும்படைக்கலம் தாங்கி, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையொன்றில் பில் அடிக்கும் கம்ப்யூட்டரின் முன் வீற்றிருக்கும் சினவிழிச் செல்வி வாழ்க! அவள் கொண்ட வெற்றியைப் பாடப் புகுந்தோம். பங்குனிக் காற்றே, புழுதியை வாரி எம் வாயில் கொட்டாமல் சற்றே ஒதுங்கி நில்.

முதற்கண் பகைப்பொருளின் பிறப்புரைப்போம். ஜெர்மனி தேசத்தில் பிளாக் ஃபாரஸ்ட் என்றொரு கருங்காடு உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பனி மூடி ஏர் பூட்ட வழியற்ற மாதங்களில், உழுதுண்ணும் அக்காட்டுச் சம்சாரிகள் அடுப்போரம் குந்தி மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் பண்ணினார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் நம் சம்சாரிகள் தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி அடுக்கப் போனது போலத்தான். வயிறு எல்லாக் காட்டிலும் ஒரே வயிறு. அக்கடிகாரத்தின் நெற்றியில் ஒரு கதவு. கதவுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு குயில். குயிலுக்குப் பின்னால் இரண்டு குட்டித் துருத்திகள், ஒன்று ‘குக்’ என ஊத மற்றொன்று ‘கூ’ என முடித்துவைக்கும். மணி எத்தனையோ அத்தனை முறை கூவும், அரைமணிக்கு ஒருமுறை. முதலில் செய்தவன் எவன் என்று அந்த நாட்டில் இன்னமும் வழக்கு ஓயவில்லை. பிற்பாடு ரயில்வே காவல்காரன் வீடு போல அதற்கொரு கூரை அமைந்தது. பைன் மரத்துக் காய் வடிவில் இரும்புக் குண்டுகள் சங்கிலியில் தொங்கின. முள்ளைப் பார்த்தாலே மணி தெரியும்தான். ஆனாலும் நேரம் போய்விட்டதென்ற கெட்ட சேதியைத் தலைநீட்டிச் சிரித்த முகமாய்ச் சொல்ல ஒரு ஜீவன் கிடைத்தால் எவருக்குத்தான் பிடிக்காது?

பிடித்துப்போனது ஆலையதிபர் பூவனநாதனுக்கு. மெஷின் பார்க்கப் போன இடத்தில் ஒன்றை வாங்கி, கடல் கடத்திக் கொணர்ந்து, ஒரு புதன்கிழமை அலுவலகச் சுவரில் ஏற்றி, பழைய கடிகாரத்தை மணி ஐந்தேகாலிலேயே எட்டிப் பார்த்துப் பை தூக்கும் குடிபடைகளை நோக்கி முழங்கினார்:

“இனி எவனும் முள்ளப் பாக்கப்படாது. அஞ்சரைக்குக் குருவி ஒருவாட்டி கூவும். கூவினா கெளம்பு. கூவலையா, இரி!”

ஆணை பிறந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் காலைப் பூசையில் பிரிண்டர் முதல் தண்ணீர் மோட்டார் வரை சகல இயந்திரங்களுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைக்கும் மேனேஜர் நவநீதகிருஷ்ணன், புதிதாய் வந்த தெய்வத்துக்குக் குறை வைக்கலாகாதென்று, குயிலின் கதவிலேயே எலுமிச்சை அளவு சந்தனத்தை அறைந்து சாத்தினார். வெக்கையில் அது பத்து மணிக்குள் பாறையாயிற்று. உள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு முட்டல் கேட்டது. அவ்வளவுதான், குயில் சிறைப்பட்டது.

அன்று மாலை கூவல் இல்லை. சனி இல்லை, திங்கள் இல்லை, செவ்வாய், புதன் இல்லை. முதலாளிக்கே டீத் தாகம் எடுத்து எழும் ஆறேகால் மணி வரை ஒருவரும் அசையவில்லை. “குளிர் நாட்டுப் பறவைல்லா, நம்மூரு வெக்க ஒத்துக்கல. பழகிரும்” என்றார் அவர்.

“கதவுல சந்தனம் ஒட்டிக்கிட்டு அண்ணாச்சி. சொரண்டினாப் போதும்” என்றாள் வனிதா மேனேஜரிடம்.

“ஏட்டி, சாமிக்கு வச்சதச் சொரண்டுவியா? நீ படிச்ச படிப்பு அப்படி!”

“சாமிக்கு உள்ள மூச்சு முட்டுது அண்ணாச்சி!”

எடுபடவில்லை. அவள் ஊர் வழியாகப் போகும் பஸ் ஐந்து நாற்பதுக்கு. விட்டால் ஏழு பத்துக்குத்தான். ஐந்து நாள் இருட்டி வந்த மகளிடம், புதன் இரவு தகப்பன் வன்னியபெருமாள் இறுதித் தீர்ப்பு நல்கினார்: “நாளைக்கும் இருட்டி வந்தேன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மிளகா பறிக்கப் போ.”

புலர்ந்தது வியாழன், அடைந்தது மாலை, முள் ஐந்தரையைத் தொட்டது. சுவர் மௌனித்தது. எழுந்தாள் வனிதா! சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்னும் தேரில் செருப்பைக் கழற்றி ஏறினாள். பேக்கிங் பிரிவு முத்துசெல்வி தேர்ப்பாகியாய் நாற்காலியின் முதுகைப் பற்றினாள். ஏந்திய வேல் ஒரு தீக்குச்சி. மதிலிடிக்கும் யானைக் கொம்பென அது சந்தனக் கோட்டையில் பாய்ந்து முறிந்தது. இரண்டாம் வேலும் முறிந்தது. “மொதலாளி, இவளப் பாருங்க!” என்று நவநீதகிருஷ்ணன் அலற, “ஆடாதடி, விழுந்தா ரெண்டு பேருக்கும் பல்லு போயிரும்” என்று தேர்ப்பாகி எச்சரிக்க, மூன்றாம் குச்சி இடுக்கில் இறங்கியது. சந்தனம் செதில் செதிலாய்ச் சிதறியது. படீரெனத் திறந்தது கதவு!

வந்தது குயில். செவ்வாய் திறந்து, மூக்கில் சந்தனத் துகளோடு, வனிதாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கூவியது. ஒன்று, இரண்டு, மூன்று... நிற்கவே இல்லை. ஜன்னலெங்கும் பேக்கிங் பெண்களின் முகங்கள். ஆறு நாளாய் அதைக் கொன்றுவிட நினைத்தவள், அண்ணாந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அலறல் கேட்டு வந்து நின்று எண்ணி முடித்தார் பூவனநாதன். “அஞ்சரைக்கு ஒண்ணுதானே கூவணும்? பத்து கூவுது?”

“வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு அடச்சது மொதலாளி. அன்னைக்கு விட்டத இன்னைக்குக் கூவுது. கூவினாக் கெளம்பலாம்னு சொன்னீகள்லா? வாரேன்.”

தேரினின்று குதித்தாள், பை பறந்தது, கேட் அதிர்ந்தது, நகரத் தொடங்கிய ஐந்து நாற்பதின் கைப்பிடியை எட்டிப் பிடித்து, ஜன்னலோர அரியணையை வென்று, பொழுது சாயுமுன் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினாள் வாகை சூடிய வனிதா. அங்கே காத்து நின்ற வன்னியபெருமாள் மேற்கே சூரியனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நவநீதகிருஷ்ணன் காலையிலேயே சந்தனம் குழைத்துவிட்டார்.