தைப்பூவும் நான் கட்டிய கயிறும்

எங்கள் தோட்டத்தில் ஜப்பான் பாஷை தெரிந்த ஒரே தமிழன் நான்தான். மலாய் நாட்டில் பகாவ் பக்கம் எந்த ரப்பர் தோட்டத்தில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பால் வெட்டுகிற கை, நிப்பொன்கோ பேசுகிற வாய். இரண்டும் ஒரே உடம்பில் அமைவது லேசுப்பட்ட காரியமா?

ஆசைப்பட்டுப் படித்தேன் என்று நினைக்காதீர்கள். பயந்து படித்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவர் பங்களாவில் ஜப்பான் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து, தோட்டத்துக்கு உபயோகமில்லாத ஆம்பளைகளைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை. நான் உபயோகமானவன் என்று மாஸ்டருக்கு எப்படியாவது காட்டியாக வேண்டும்.

சமயம் தானாக வந்தது. ஒரு மத்தியானம் மாஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று, மேற்கே கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்து, "தைஃபூ" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

"மங்கம்மா! தைப்பூ வருது!"

என் மனைவி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தைப்பூசமா? அது எப்பவோ வந்துட்டுப் போயிருச்சே."

"பூசம் இல்ல புள்ள. தைப்பூ! ஜப்பான் பாஷையில பெரும்புயல்!"

"வானத்தைப் பாத்தாலே தெரியுது. இதுக்கு எதுக்குங்க ஜப்பான் பாஷை?"

இவளிடம் படிப்பின் அருமையைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கோடி வீடு எங்களுடையது. காற்று வந்தால் முதலில் எங்கள் தகரத்தைத்தான் பிடித்து இழுக்கும். ஆணியெல்லாம் துருவேறிப்போயிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தங்கம்கூடக் கிடைக்கும், ஆணி கிடைக்காது. அன்றைக்கு நான் ஒரு சபதம் செய்தேன். லயமே பறந்தாலும் என் கூரை பறக்காது. அதை மாஸ்டர் பார்ப்பார். பார்த்தால் எனக்குச் சயாம் கிடையாது.

பக்கத்து வீட்டு முருகையா மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அவனிடம் வண்டிக் கயிறு வாங்கினேன். கூரைக்கு மேலே வீசினேன். முன்பக்க முனையை வாசல் தூணில் கட்டினேன். பின்பக்க முனையை வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய ரப்பர் மரத்தில் கட்டினேன். கட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தேன்.

"ஏங்க, ரப்பர் மரம் காத்துக்கு முறியும்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். மரம் சாஞ்சா கூரையையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருமே!"

"கிழட்டு மரம் புள்ள. எத்தனை காத்தைப் பாத்திருக்கும்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். கிழடு."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரிஞ்சு பேசு. நாளைக்கு நான் ஆளுங்கள வேலை வாங்குற மண்டோராகூட ஆகலாம்."

"கயிறு திரிக்கிறதுல உங்கள மிஞ்ச ஆளே இல்லலா" என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் லயம் பூராவும் போய், வீடு வீடாக யோசனை சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. தூறல் விழுந்ததும் திரும்பி நேராக உள்ளே நுழைந்துவிட்டேன். மங்கம்மா சேலையெல்லாம் மண்ணாக இருந்தது. கிழங்கு பிடுங்கியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அந்திக்குக் காற்று வந்தது. அம்மாடி! தகரம் தடதடவென்று அடித்தது. அடுத்த வீட்டுச் சட்டிபானை உருள்கிற சத்தம் கேட்டது. மங்கம்மா கட்டிலின் மேலே உட்கார்ந்திருந்தாள். நான் கீழே இருந்தேன். கட்டிலைக் காற்று தூக்கிவிடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

பின்னால் மடார் என்று ஒரு சத்தம். மரம்! கண்ணை இறுக மூடிக்கொண்டேன். போச்சு, கூரை போச்சு, நானும் சயாமுக்குப் போச்சு என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் கூரை அப்படியே இருந்தது.

"பாத்தியா புள்ள! மரமே போயும் கூரை நிக்குது! முடிச்சுன்னா இது முடிச்சு!"

"ஆமாங்க" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அவள் என்னை ஆமோதித்ததே கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

காலையில் பார்த்தால் லயத்தில் பாதிக் கூரையைக் காணோம். கோடி வீட்டுக் கூரை மட்டும் கும்மென்று நின்றது. மண்டோர் அமிர்தலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பாகுஸ்! சியாப்பா?"

நல்ல வேலை, யார் செய்தது என்று மலாயில் கேட்கிறார். நான் ஜப்பானிலேயே பதில் சொன்னேன். "வதாஷி!" நான்தான் என்று நெஞ்சில் தட்டியும் காட்டினேன்.

மாஸ்டர் வீட்டுக்குப் பின்னால் போனார். பெருமையோடு நானும் போனேன். மரம் முறிந்து கிடந்தது. அதில் கயிறு இல்லை. கயிற்றின் முனை கூரையிலிருந்து இறங்கி, கொழுக்மொழுக்கென்று வரிசையாக உட்கார்ந்திருந்த சாக்கு மூட்டைகளைக் கட்டிப் பிடித்திருந்தது. எல்லாம் ஆற்று மணல்.

"என்னய்யா சன்னாசி, நீ கட்டுனது இதுவா?" என்றார் மண்டோர்.

அந்த மூட்டைகளை நானே அப்போதுதான் பார்க்கிறேன். முறிந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து என் கயிற்றைத் தேடினேன். நான் சொன்னது பொய் என்று புரிந்து மாஸ்டர் முகம் சிவந்தது. என்னை விரலால் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சயாம்."

ஐயோ, சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

மங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மண்டோரய்யா, மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. மரத்துல இருந்து அவுத்து மூட்டையில கட்டுனது நானு. இந்த மனுசன் கட்டுன கயித்துல நெலைச்சு நிக்கிறது இது ஒண்ணுதான்." தாலியை எடுத்துக் காட்டினாள். "இதையும் அறுத்துடாதீங்க. பங்களாக் கூரைக்கும் மத்த வீட்டுக் கூரைக்கும் நானே மூட்டை கட்டித் தர்றேன். ஆனா தூக்கிக் குடுக்க எனக்கு இவரு வேணும்."

அமிர்தலிங்கம் மலாயில் சொன்னார். மாஸ்டர் தாலியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூரை வேலை பூராவுக்கும் மங்கம்மாதான் தலைவி என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஜப்பான்காரனையே மடக்கியவள் என் பெண்டாட்டி! எவனுக்கு இப்படி வாய்க்கும்? மண்டோர் பதவி எங்கள் வீட்டுக்கு வரும் என்று நான் சொன்னதும் பலித்துவிட்டது.

மறுநாள் காலைப் பெரட்டு. தோட்டமே வரிசையில் நின்றது. பெயர் கூப்பிட்டால் ஜப்பான் மரியாதைப்படி "ஹாய்" என்று பதில் சொல்ல வேண்டும். கூரை வேலைக்கான ஆட்களை மங்கம்மாவே கூப்பிட்டாள்.

"முருகையா!"

"ஹாய்!"

அடுத்தது நான். கழுத்தை அறுத்தாலும் மங்கம்மா புருசன் பெயரைச் சொல்ல மாட்டாள். மாஸ்டர் காத்திருந்தார். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தோட்டம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

"மூட்டை!"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹாய்!" என்றேன்.