யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியாது

உலகத்துக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவன் முதலில் தன் வீட்டு இணைய இணைப்பின் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். நான் படிக்காத முட்டாள்.

வாயைத் திறந்தால் சிறை என்கிற நாடுகளில் இருந்து செய்தி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புவது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாதபடி, தன்னார்வலர்களின் கணினிகள் வழியாகக் கைமாறிப் போகும். அப்படிப்பட்ட கணினிக்கு ரிலே என்று பெயர். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பை நான் ரிலே ஆக்கினேன். அது சரியான காரியம் என்று இன்றும் சொல்வேன். செய்த விதம்தான் கேவலம்.

முதலில் மாதம் இவ்வளவு டேட்டாதான் என்று ரிலேக்கு வரம்பு வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஈ காக்காய் வரவில்லை. புதிய ரிலேயை அந்த வலையமைப்பு சோதித்துப் பார்த்து மெதுவாகத்தான் நம்பும் என்று வழிகாட்டியில் இருந்தது. (அதையெல்லாம் யார் படிச்சா?) சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லையா என்று எனக்கு ரோஷம் வந்தது. வரம்பை எடுத்துவிட்டேன். எடுத்ததை மறந்தும் போனேன்.

பிறகு வலையமைப்பு என் ரிலேயை நம்பியது. கொட்டத் தொடங்கியது. உள்ளே வந்ததெல்லாம் வெளியேயும் போக வேண்டும். எங்கள் கணக்கில் இரண்டு தடவை ஏறும். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

தங்கை கிரேஸுக்கு அன்று நேர்காணல். வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, வீடியோவில் கேள்வி. அவளுக்காகச் சபையில் ஜெபம்கூடச் செய்திருந்தார்கள். கேள்வி கேட்க வந்த அம்மாள் வாயைத் திறந்தார். திறந்தபடியே திரையில் உறைந்துவிட்டார்.

"அண்ணே, என்னன்னு பாரேன்!"

நான் இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "என்ன வே லைன் கொடுத்திருக்கீரு?"

"அண்ணாச்சி, உங்க மாச அளவு பூராவும் தீந்துட்டு. அதான் வேகம் கொறஞ்சிட்டு. வீட்ல தியேட்டர் ஏதும் நடத்துதீயளா?"

ஓடிப்போய் லேப்டாப் வயரைப் பிடுங்கினேன். என்ன புண்ணியம்? தீர்ந்தது தீர்ந்ததுதான். எங்கள் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் நிற்காது. கிரேஸ் போனோடு மொட்டைமாடிக்கு ஓடினாள். அவள் மறுபடி நேர்காணலுக்குள் நுழைவதற்குள் அங்கே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா என்னை விசாரித்தாள்.

"ஏலே, யாருக்குல கொடுத்த?"

"தெரியாதும்மா."

"எந்த ஊர்க்காரன்?"

"அதும் தெரியாது. தெரியக்கூடாதுங்கதுதான் அதோட விசேஷமே."

"பேரு தெரியாதவனுக்குக் கொடுத்துட்டு, கூடப்பொறந்தவ வாயில மண்ணப் போட்டுட்டியேல!"

கிரேஸ் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அறைந்திருந்தால் தேவலாம்.

அந்த வேலை போனது போனதுதான். இன்னொன்று கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. ஊரைவிட்டுப் போவதற்கு முன் அவளே உட்கார்ந்து வழிகாட்டியைப் படித்து, போக்கு வரத்து இரண்டையும் சேர்த்து ரிலேக்கு ஒரு மாத வரம்பு போட்டாள். ரிலே இன்றும் ஓடுகிறது. அதன் கடவுச்சொல் அவளிடம் இருக்கிறது. எனக்குச் சொல்ல மாட்டாள்.

இப்போது குழாயில் தண்ணீர் நின்றாலும், கரண்ட் போனாலும், குழம்புச் சட்டி காலியானாலும் அம்மா அவளை வீடியோவில் கூப்பிட்டுச் சொல்வது ஒன்றுதான்:

"உங்க அண்ணன் எவனுக்கோ தொறந்து விட்டுட்டான் போல, ஏட்டி. கேட்டா பேரு தெரியாதும்பான்."