சாரங்கா, சிரங்கா?

வம்சப் பெருமை பேச வாயைத் திறக்கிறவன், தன் வீட்டுக்கு ஊரில் என்ன பட்டப்பேர் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரித்தேன். விசாரித்த பிறகும் பேசினேன். தலையெழுத்து, வேறென்ன!

தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டில் குமாஸ்தாவாக இருந்தபோது, கல்பாக்கத்தை அடுத்த அணுபுரம் குவார்ட்டர்ஸில் பெண் பார்க்கப் போனோம். கலைவாணி காபியை நீட்டிவிட்டு, "டிகாக்‌ஷன் கம்மி. நல்லா இருக்குன்னு பொய் சொல்லாதீங்க" என்றாள். நான் அங்கேயே அவுட். (காபி நிஜமாகவே மட்டம்.)

எல்லாம் கூடிவந்த நேரத்தில் பெண்ணின் அப்பா எங்கள் பூர்வீகத்தில், அதாவது மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தில், விசாரித்திருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான், "அட, செரங்கு வூட்டுப் புள்ளையா!" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு அந்தப் பேர்தான். பரம்பரைத் தோல் வியாதி என்று முடிவுகட்டிய மனிதர், "ஜாதகம் அமையலை" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அதே ஜாதகத்தைப் பார்த்து எட்டுப் பொருத்தம் என்று சொன்னவரும் அவர்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாட்டன் கப்பலில் போனவர் என்று அப்பா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சனிக்கிழமைதோறும் சென்னைக்குப் போய், நூலகத்தில் உட்கார்ந்து பழைய கப்பல் புத்தகங்களாகப் புரட்டித் தும்மினேன். ஒருநாள் கிடைத்தது. கும்பினிக் காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல்களில் நம்மூர் மாலுமிகளை மேய்த்த தலைவனுக்குச் 'சாரங்கு' என்று பேராம்! அந்தச் சாரங்குதான் நம் ஜனங்களின் வாயில் விழுந்து செரங்காகிவிட்டது. இதைவிட ஆதாரம் வேண்டுமா? எங்கள் பாட்டன் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் என்ன, நானே சேர்த்துக்கொண்டேன்.

அணுபுரத்துக்கு ஓடினேன். "சிரங்கு இல்லை சார், சாரங்கு! பெரிய கடல் சண்டை. பீரங்கிக் குண்டு பாட்டன் தோள்ல உரசிட்டுப் போச்சு!"

"எந்தத் தோள்ல?"

"இடது" என்றேன், கண் இமைக்காமல்.

சந்தேகம் தீரப் பெண்ணின் அப்பாவைக் குப்பத்துக்கே அழைத்துப்போவதாக ஏற்பாடு. அங்கே படகு வைத்திருக்கும் என் மாமன் மகன் ஏழுமலைக்கு முன்கூட்டியே பாடம் எடுத்தேன். "மச்சான், பாட்டன் கப்பல்ல போனாருன்னு மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாத."

"இன்னா மச்சான், இத்தப் போயி பெர்சா சொல்லிக்கினு!"

சொன்னபடியே செய்தான். "ஆமா சார். பாய்மரக் கப்பலு. மாமல்லபுரத்துக் கோயிலாண்ட நின்னா தெரியுமாம், அம்மாம் பெர்சு." அவர் முகம் இளகியது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அப்போதுதான் கரையேறிய படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க உடம்புல ஓடுறது கடல் ரத்தம் சார்!" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையையும் வலைக்குள் விட்டேன்.

"அய்ய, வாணாம் மச்சான்! சொறி கீது, சொறி!" என்று ஏழுமலை கத்தினான்.

அவர் சட்டென்று பின்வாங்கினார். "சொறியா? யாருக்கு?"

(கடலோரத்தில் சொறி என்றால் ஜெல்லி மீன். பட்ட இடம் நெருப்பாக எரியும், அப்புறம் அரிக்கும். இதை விளக்கும் நிலையில் நான் இல்லை.) முழங்கை வரை சிவந்து தடித்துப்போய், வலது கையால் இடதையும் இடது கையால் வலதையும் சொறிந்துகொண்டு மணலில் குதித்தேன். ஏழுமலை என்னைக் காப்பாற்ற ஓடிவந்தான். "பயப்படாத சார்! இது வெறும் சொறிதான், செரங்கு இல்ல!"

திருக்கழுக்குன்றம் வரை ஒரே பஸ். என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். கலைவாணி போய்விட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது. துடைத்தால் கண்ணும் எரியுமே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று வீட்டில் நடந்ததை அவளே பின்னால் சொன்னாள். "கண்ணால பார்த்துட்டேன்மா, வலையிலேர்ந்து எடுத்தா கை பூரா சொறி" என்றிருக்கிறார். இவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "ஐயோ அப்பா, அது ஜெல்லி மீன்! காலேஜ் டூர்ல எனக்கே பட்டிருக்கு." அப்புறம், "பீரங்கிக் கதை பொய்தான். ஆனா இவ்ளோ மோசமா பொய் சொல்றவரைக் கட்டிக்கிட்டா நமக்குத்தான் நல்லது. சுலபமா மாட்டிக்குவார்" என்றாளாம்.

கல்யாணப் பந்தியில் மாமனார் பக்கத்தில் ஏழுமலை. பாயசம் உள்ளே போனதும் மனுஷன் மடை திறந்துவிட்டான்.

"பாட்டன் கப்பல்ல போனது நெசம்தான் சார். பாய் ஏத்தறதுக்குள்ள ஒடம்பு பூரா செரங்கு. ஒட்டிக்குமேன்னு வெள்ளக்காரன் படகுல ஏத்தி, கரையிலயே வுட்டுட்டுப் பூட்டான்."

"டேய், இதை ஏன்டா முதல்லயே எங்கிட்ட சொல்லலை?"

"நீதான மச்சான் மேல பேசாதன்ன?"

மாமனார் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "இடது தோள்லயும் இருந்துச்சாப்பா?"

அதிலிருந்து ஒவ்வொரு தலைதீபாவளி, பொங்கல், பிறந்தநாளுக்கும் (தலைதீபாவளி ஒன்றுதான் என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை) வேட்டி சட்டைக்கு மேலே ஒரு களிம்பு டப்பா வைத்துத் தருகிறார். குழந்தைகள் சுற்றி நின்று காத்திருப்பார்கள். அவரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இடது தோளுக்கு, மாப்ளே" என்பார்.